கமேலியா வளர்ப்பு: நடும் குழி முதல் பூக்கும் பருவம் வரை

கமேலியாவை ஆசையோடு வாங்கி நட்டவர்கள் சில ஆண்டுகள் கழித்துச் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டுதான். செடி வளராமல் நின்றுவிட்டது, இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன என்பது ஒன்று. செடி நிறைய மொட்டு வைத்தும் ஒன்றுகூட விரியாமல் கொட்டிவிட்டது என்பது மற்றொன்று. முதல் குறையைத் துருவிப் பார்த்தால், செடியை ஆழமாக நட்டதோ வேரடியில் நீர் தேங்கியதோ காரணமாக இருக்கும். இரண்டாவது குறைக்குக் காரணம், பூக்கும் காலத்துக்குப் பல மாதங்கள் முன்பே, மொட்டு உருவாகும் பருவத்தில் மண் காய்ந்துபோனதாக இருக்கும். உரத்தையும் மருந்தையும் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இந்தச் செடியைப் பொறுத்தவரை அவை கடைசியாகக் கவனிக்க வேண்டியவை. நடும் ஆழம், வடிகால், மொட்டுப் பருவத்தில் சீரான ஈரம் ஆகிய மூன்றையும் சரிசெய்துவிட்டால், கமேலியா தோட்டத்தில் மிகக் குறைந்த கவனிப்பைக் கேட்கும் செடிகளில் ஒன்றாகிவிடும்.

செடியின் இயல்பு

கமேலியா தேயிலையின் நெருங்கிய உறவு. நாம் குடிக்கும் தேநீர் கமேலியா சைனென்சிஸ் என்னும் சிற்றினத்தின் கொழுந்திலிருந்து வருகிறது; பூவுக்காக வளர்க்கப்படுபவை அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு சிற்றினங்கள். கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவின் காடுகளில், உயர்ந்த மரங்களின் நிழலில், இலைமட்கு நிறைந்த அமிலத் தன்மையுள்ள மண்ணில் இவை இயல்பாக வளர்கின்றன. மழை மிகுதியாகப் பெய்தாலும் அங்கே சரிவில் நீர் வடிந்துவிடும். மட்கின் ஈரமோ வேரைவிட்டு முற்றிலும் நீங்குவதில்லை. இந்தச் சூழலை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் குறிப்புகளில் பாதியை வாசகரே ஊகித்துக்கொள்ள முடியும்.

இதன் வேர்கள் ஆழமாக இறங்குபவை அல்ல. உணவையும் நீரையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மண்ணின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் பரவுகின்றன. ஆகவே மேல்மண் காய்ந்தால் செடி உடனே தவிக்கிறது. மேல்மண்ணைக் கொத்தினால் வேர் அறுபடுகிறது. மேலே கூடுதலாக மண் போட்டால் வேருக்குக் காற்று கிடைக்காமல் போகிறது.

ஆயுளோ மிக நீண்டது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகிலுள்ள பில்னிட்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் 1801-இல் நடப்பட்ட கமேலியா இன்றும் பூத்துக்கொண்டிருக்கிறது. குளிர்காலம் வந்ததும் நகர்த்தக்கூடிய ஒரு கண்ணாடி வீட்டைக் கொண்டுவந்து அந்த மரத்தை மூடிவிடுகிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஆனாலும் நடுபவரின் காலத்துக்குப் பிறகும் நிற்கக்கூடிய செடி என்பதால், இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை.

எந்த வகையை வாங்குவது

தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படுவது கமேலியா ஜப்பானிகா. பளபளப்பான பெரிய இலைகளும், குளிர்காலத்தின் பிற்பகுதி முதல் வசந்தம் வரை விரியும் பெரிய பூக்களும் இதன் அடையாளம். ஒற்றை வரிசை இதழ்களுடன் நடுவில் மகரந்தக் கற்றை தெரியும் பூவிலிருந்து, மகரந்தமே வெளித்தெரியாதபடி இதழ்கள் கூரை ஓடுகள்போல் ஒழுங்காக அடுக்கப்பட்ட முழு அடுக்குப் பூ வரை இதில் எண்ணற்ற வடிவங்கள் உள்ளன. வெள்ளை அடுக்குப் பூவுக்கு 'அல்பா பிளீனா', சிவப்புக்கு 'அடால்ஃப் ஒதுசோன்' போன்ற பழைய வகைகள் இன்றும் மதிப்பிழக்கவில்லை.

கமேலியா சசான்குவா இலையிலும் பூவிலும் சிறியது. இலையுதிர்காலத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். பல வகைகளுக்கு மெல்லிய மணமும் உண்டு. தனிப்பூவின் ஆயுள் குறைவு, இதழ்கள் ஒவ்வொன்றாக உதிரும். ஆனால் ஒரே நேரத்தில் பூக்கும் பூக்களின் எண்ணிக்கை அதை ஈடுசெய்துவிடும். வெயிலை ஜப்பானிகாவைவிட நன்றாகத் தாங்கும், வேரழுகல் நோயையும் ஓரளவு எதிர்த்து நிற்கும். முதன்முதலாகக் கமேலியா வளர்ப்பவருக்கு எது ஏற்றது என்று கேட்டால், என் பரிந்துரை சசான்குவாதான். உயிர்வேலியாக வளர்க்க விரும்புவோருக்கும் இதுவே பொருத்தம்.

ஜப்பானிகாவையும் சலுவெனென்சிஸ் என்னும் வேறொரு சிற்றினத்தையும் இணைத்து, இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள கேர்ஹேஸ் தோட்டத்தில் ஜே. சி. வில்லியம்ஸ் உருவாக்கிய கலப்பினங்கள் வில்லியம்சி என்று அழைக்கப்படுகின்றன. கோடை வெப்பம் குறைவாக உள்ள இடங்களிலும் இவை தவறாமல் மொட்டு வைக்கும். இவற்றின் இன்னொரு நல்ல குணம், வாடிய பூக்களைத் தாமாகவே உதிர்த்துவிடுவது. ஜப்பானிகாவின் பல வகைகளில் பழுப்பேறிய பூக்கள் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றைக் கையால்தான் அகற்ற வேண்டும். மிகப் பெரிய பூவை விரும்புவோர் ரெட்டிகுலேட்டா என்னும் சிற்றினத்தை நாடலாம். அது கடுங்குளிரைத் தாங்காது. கடுங்குளிர் நிலவும் இடங்களில் கமேலியா ஓலிஃபெராவைப் பெற்றோராகக் கொண்ட கலப்பினங்களே நம்பத்தகுந்தவை.

வெப்பநிலையைப் பற்றி இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கமேலியாவின் மொட்டுகள் வெதுவெதுப்பான பருவத்தில் உருவாகின்றன. ஆனால் அவை நன்றாக விரிவதற்குக் குளிர்ச்சியான பருவம் தேவை. ஆண்டு முழுவதும் இரவிலும் வெப்பம் தணியாத தாழ்நிலங்களில் செடி பச்சைப்பசேலென்று இருக்கும், மொட்டும் வைக்கும். ஆனால் அந்த மொட்டுகள் பாதி விரிந்து, நடுப்பகுதி பழுப்பாகி, அப்படியே நின்றுவிடும். இதழ் அடுக்கு அதிகமான வகைகளில் இந்தக் குறை மிகுதி. அத்தகைய இடங்களில் இருப்பவர்கள் சசான்குவாவையோ, பருவத்தின் தொடக்கத்திலேயே பூக்கும் ஒற்றை அடுக்கு வகைகளையோ முயன்று பார்க்கலாம். பெரிய அடுக்குப் பூக்களை எதிர்பார்த்துப் பணத்தைச் செலவிட வேண்டாம். தேயிலை நன்றாக விளையும் மலைப்பகுதிகளில் கமேலியாவும் செழிக்க நல்ல வாய்ப்பு உண்டு. குளிரைப் பொறுத்தவரை, வேரூன்றி நிலைத்த ஜப்பானிகா செடி சுமார் −12 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஆனால் விரிந்த பூக்கள் லேசான உறைபனியிலேயே பழுப்பாகிவிடும்.

இடமும் மண்ணும்

உயர்ந்த மரங்களின் இலைகளுக்கிடையே வெயில் சிதறி விழும் இடம்தான் கமேலியாவுக்கு ஏற்றது. அது கிடைக்காவிட்டால், காலையில் வெயிலும் நண்பகலுக்குப் பின் நிழலும் உள்ள இடம் போதும். ஆனால் உறைபனி விழும் பகுதிகளில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: இரவில் பனியில் உறைந்த மொட்டுகளின்மேல் அதிகாலை வெயில் நேராகப் பட்டால், அவை வேகமாக உருகி இதழ்கள் கருகிவிடும். ஆகவே அங்கே கிழக்கு நோக்கிய இடத்தைத் தவிர்க்க வேண்டும். முழு நிழலிலும் செடி உயிர்வாழும். ஆனால் கிளைகள் மெலிந்து நீள்வதோடு பூக்களும் மிகக் குறைந்துவிடும். பிற்பகல் வெயில் சுட்டெரிக்கும் இடத்தில் இலைகளின் மேற்புறத்தில் வெளிறிய அல்லது பழுப்புத் திட்டுகள் தோன்றும். அது நோயன்று, வெயில் சுட்ட தழும்புதான். மருந்து தெளிப்பதால் மாறாது.

மர நிழல் என்றால் எந்த மரமும் சரி என்று எண்ணிவிடக் கூடாது. மேலோட்டமான அடர்ந்த வேர்களைப் பரப்பும் மரங்கள் கமேலியாவின் நீரையும் உணவையும் பறித்துக்கொள்ளும். ஆழமாக வேரோடும் மரங்களின் நிழலே நல்லது. வீட்டுச் சுவரை ஒட்டி நடுவதும் நல்லதன்று. சிமெண்டிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் இருந்து கசியும் சுண்ணாம்பு அருகிலுள்ள மண்ணின் அமிலத் தன்மையைக் குறைத்துவிடும். மேலும் சுவரோரம் மழை நீர் விழாமல் மண் எளிதில் காய்ந்துபோகும். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி நடுவது உத்தமம்.

மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். இதை அறிய மண் பரிசோதனைக் கூடத்துக்கு மண்ணை அனுப்பலாம். வீட்டிலேயே பயன்படுத்தக்கூடிய சோதனைப் பெட்டியும் ஓரளவு சரியான விடையைத் தரும். மண் காரத் தன்மை கொண்டதாக இருந்தால் செடியால் இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள இயலாது; இளம் இலைகளின் நரம்புகள் மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறுவது அதற்கான அறிகுறி. சற்றே காரமான மண்ணைக் கந்தகத் தூள் இட்டுப் படிப்படியாகச் சரிப்படுத்தலாம். அதன் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். சுண்ணாம்புப் பாறையின்மேல் அமைந்த மண்ணோடு ஆண்டுதோறும் போராடுவதைவிட, கமேலியாவைத் தொட்டியில் வளர்ப்பதே அறிவுடைமை.

வடிகாலைச் சோதிக்கும் முறை எளிது. நட விரும்பும் இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்தபின் மீண்டும் ஒருமுறை நிரப்புங்கள். மறுநாளும் குழியில் நீர் நின்றால் அந்த இடத்தில் தரைமட்டத்தில் நடக் கூடாது. இலைமட்கு, மட்கிய மரப்பட்டை, மண் ஆகியவற்றைக் கலந்து 30 செ.மீ. உயரத்துக்கு அகலமான மேட்டுப்பாத்தி அமைத்து அதில் நடுங்கள். களிமண்ணில் குழியை மட்டும் தோண்டி அதை மென்மையான கலவையால் நிரப்புவது பலரும் செய்யும் வேலை. அது பயன் தருவதில்லை. சுற்றிலும் களிமண் சூழ்ந்திருப்பதால் அந்தக் குழியே நீர் தேங்கும் தொட்டியாகிவிடும்.

நடுதல்

செடி வேகமாக வளராத, வெயில் கடுமையில்லாத பருவமே நடுவதற்கு ஏற்றது. குளிர் மிதமான இடங்களில் இலையுதிர்காலத்தில் நட்டால், கோடைக்குள் வேர் நன்றாகப் பரவிவிடும். கடுங்குளிர் நிலவும் இடங்களில் வசந்தத்தின் தொடக்கம் நல்லது. பூவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க விரும்புவோர் நர்சரியில் பூத்திருக்கும் செடியையே வாங்கி நடலாம். அதனால் செடிக்குத் தீங்கு எதுவும் இல்லை.

குழியின் அகலம் வேர்ப்பந்தைப் (வேரும் அதைப் பற்றியிருக்கும் மண்ணும் சேர்ந்த உருண்டை) போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கலாம்; ஆழம் மட்டும் வேர்ப்பந்தின் உயரத்தைத் தாண்டக் கூடாது. உண்மையில் அதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும். வேர்ப்பந்து உட்காரும் அடிமண்ணைக் கிளறாமல் கெட்டியாக விட்டுவிட வேண்டும். கிளறிவிட்டால், நாளடைவில் மண் படிந்து செடி கீழே இறங்கிவிடும். சரியான உயரத்தில் நட்ட செடிகளும் ஓராண்டில் ஆழத்துக்குள் புதைந்துபோவது இப்படித்தான்.

தொட்டியிலிருந்து செடியை எடுத்ததும், வேர்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் விரல்களால் பிரித்துவிடுங்கள். இறுகிப்போயிருந்தால் வேர்ப்பந்தின் பக்கங்களில் மூன்று நான்கு இடங்களில் கத்தியால் மேலோட்டமாகக் கீறிவிடலாம். பிறகு தண்டின் அடியைப் பாருங்கள். தண்டு சற்றே பருத்து வேர்களாகப் பிரியும் கழுத்துப் பகுதி கண்ணுக்குத் தெரிய வேண்டும். நர்சரியிலேயே அதன்மேல் மண் ஏறியிருப்பது உண்டு. அப்படியிருந்தால் முதல் வேர் தென்படும்வரை மேல்மண்ணை மெதுவாக விலக்குங்கள். செடியைக் குழியில் வைத்து, குழியின் குறுக்கே ஒரு குச்சியைப் படுக்கவைத்துப் பார்த்தால், வேர்ப்பந்தின் மேற்பரப்பு அந்தக் குச்சியைவிட 3 முதல் 5 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். தோண்டியெடுத்த மண்ணோடு இலைமட்கைக் கலந்து பக்கங்களை நிரப்பி, வேர்ப்பந்தின் விளிம்பிலிருந்து சரிவாக இறங்குமாறு அணையுங்கள். வேர்ப்பந்தின் தலையில் மண் போட வேண்டாம். அங்கே மூடாக்கு, அதாவது மண்ணை மூடப் பரப்பும் இலைமட்கு, மரப்பட்டை போன்றவை மட்டுமே இருக்கலாம். நடும் குழியில் உரம் எதுவும் இடக் கூடாது.

நன்றாக நீர் ஊற்றிய பிறகு வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஒரு வாரம் கழித்து, தண்டின் அடியில் மூடாக்கை விலக்கி விரலால் தடவிப் பாருங்கள். கழுத்து மண்ணுக்குள் போயிருந்தால், புதிய வேர்கள் பரவும் முன்னரே செடியை மண்வெட்டியால் அடியோடு நெம்பி உயர்த்தி, அடியில் மண்ணைத் திணித்துச் சரிசெய்துவிடலாம். பல ஆண்டுகளாக வளராமல் நிற்கும் செடிகளையும் இப்படி உயர்த்தி நட்டுக் காப்பாற்ற முடியும்.

நீரும் மொட்டும்

கமேலியாவின் ஓராண்டை அறிந்துகொண்டால் நீர் பாய்ச்சுவதில் குழப்பம் வராது. பூத்து முடிந்ததும் கிளை நுனிகளில் தளிர்கள் கிளம்புகின்றன. அவை நீண்டு, இலைகள் முற்றியதும், கோடையின் நடுப்பகுதியில் அந்தப் புதிய கிளைகளின் நுனியிலும் இலைக்கோணங்களிலும் அடுத்த பருவத்தின் மொட்டுகள் உருவாகிவிடுகின்றன. அதன்பின் அவை மெல்ல மெல்லப் பருக்கின்றன. பூமொட்டையும் இலைமொட்டையும் பிரித்தறிவது எளிது: பூமொட்டு உருண்டு திரண்டிருக்கும், இலைமொட்டு ஒல்லியாகக் கூர்முனையோடு இருக்கும்.

மொட்டுகள் உருவாகிப் பருக்கும் இந்தக் கோடைப் பிற்பகுதியிலும் இலையுதிர்காலத்திலும் மண் ஒரு தடவை நன்றாகக் காய்ந்துபோனால்கூட, செடி மொட்டுகளைக் கைவிடத் தொடங்கிவிடும். ஆனால் அவை உடனே உதிர்வதில்லை. பல வாரங்கள், சில வேளை மாதங்கள் கழித்து, பூக்கும் தறுவாயில் கொட்டுகின்றன. அதனால்தான் வளர்ப்பவர் அப்போதைய குளிரையோ உரத்தையோ குறை சொல்கிறார். உண்மைக் காரணம் மறந்துபோன ஒரு வறண்ட வாரத்தில் இருக்கிறது. திடீரென ஏறியிறங்கும் வெப்பநிலையும், வேரடியில் தேங்கும் நீரும் மொட்டுகளை உதிர்க்கலாம். சில வகைகள் தம்மால் விரிக்க இயலாத அளவுக்கு மொட்டு வைத்துவிட்டு அவற்றுள் ஒரு பகுதியைத் தாமே உதிர்ப்பதும் உண்டு. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

எவ்வளவு நீர் என்பதற்கு அளவு சொல்வதைவிட விரலை நம்புவது நல்லது. மூடாக்கை விலக்கி மண்ணுக்குள் 5 செ.மீ. அளவுக்கு விரலை விட்டுப் பாருங்கள்; ஈரம் தட்டுப்படாவிட்டால் நீர் பாய்ச்ச வேண்டும். பாய்ச்சும்போது வேர்ப்பந்து முழுவதும் நனையுமாறு நிதானமாக ஊற்றுங்கள். புதிதாக நட்ட செடியில், சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தாலும் நர்சரிக் கலவையாலான வேர்ப்பந்து மட்டும் உள்ளே காய்ந்து கிடப்பது வழக்கம். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகள் தண்டுக்கு அருகிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். உங்கள் நீர் கடினமானதாக, பாத்திரங்களில் வெண்படலம் படியச் செய்வதாக இருந்தால், கூடுமானவரை மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துங்கள். கடின நீர் மண்ணின் அமிலத் தன்மையைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிடும்.

ஈரத்தைக் காப்பதில் மூடாக்குக்கு இணையானது வேறில்லை. மட்கிய மரப்பட்டை, ஊசியிலைகள், இலைமட்கு ஆகியவற்றுள் கிடைப்பதை 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு, கிளைகள் பரவியுள்ள எல்லைவரை பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு கையகல இடைவெளி விட வேண்டும். மூடாக்கு தண்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் பட்டை அழுகும். களைகளைக் கையால் பிடுங்குங்கள். செடியின் அடியில் மண்வெட்டிக்கோ களைக்கொத்திக்கோ வேலை இல்லை.

உரம்

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அமிலம் விரும்பும் செடிகளுக்கென விற்கப்படும் மெதுவாகக் கரையும் உரத்தைப் பூத்து முடிந்ததும் ஒருமுறையும், தேவையானால் கோடையின் தொடக்கத்தில் இன்னொரு முறையும் இடலாம். உறையில் அச்சிட்டுள்ள அளவில் பாதி போதும். காய்ந்த மண்ணில் உரம் போடக் கூடாது. கோடைக்குப் பின் உரமிட்டால் இளந்தளிர்கள் காலம் தப்பிக் கிளம்பிக் குளிரில் கருகும். இலைகளின் விளிம்பு பழுப்பாகிக் காய்வது உரம் மிகுந்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். கமேலியா பட்டினியால் சாவதைவிட உரம் அதிகமாகிச் சாவதே மிகுதி. வசந்தத்தில் உட்புறத்தில் உள்ள பழைய இலைகள் சில மஞ்சளாகி உதிர்வது இயற்கை. அதைச் சத்துக் குறைவு என்று எடுத்துக்கொண்டு உரமூட்டையை அவிழ்க்க வேண்டாம்.

கவாத்தும் மொட்டுக் கிள்ளலும்

கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிச் சீர்படுத்தும் வேலை, செய்ய வேண்டிய காலம் பூத்து முடிந்ததற்கும் தளிர் கிளம்புவதற்கும் இடைப்பட்ட சில வாரங்கள்தான். கோடைக்குப் பின் வெட்டினால் அடுத்த பருவத்தின் மொட்டுகளையே வெட்டி எறிந்தவர்களாவோம். காய்ந்த கிளைகள், ஒன்றோடொன்று உரசும் கிளைகள், உட்புறத்தில் வெளிச்சம் கிடைக்காமல் நலிந்த சிறு குச்சிகள் ஆகியவற்றை முதலில் நீக்குங்கள். காற்றும் ஒளியும் உள்ளே புகுந்தாலே செதில் பூச்சித் தொல்லை பாதி குறைந்துவிடும்.

செடி அடர்த்தியாகக் கிளைக்க வேண்டுமானால் வெட்டும் இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கிளையை நுனியிலிருந்து கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் பட்டையின் நிறம் மாறி, சற்றே தடித்த ஒரு வளையம் விரலுக்குத் தட்டுப்படும். சென்ற ஆண்டின் வளர்ச்சி முடிந்து இந்த ஆண்டின் வளர்ச்சி தொடங்கிய இடம் அது. அந்த வளையத்துக்குச் சற்று மேலே வெட்டினால், அங்கே உறங்கிக்கிடக்கும் பல மொட்டுகள் ஒருசேர விழித்து மூன்று நான்கு கிளைகளாகப் பிரியும். மிக உயர்ந்து, கீழ்ப்பகுதி வெறுமையாகிவிட்ட பழைய செடியைப் பாதி உயரத்துக்கும் கீழே வெட்டினாலும் அது துளிர்க்கும். ஆனால் ஒரே ஆண்டில் முழுவதையும் வெட்டாமல், இரண்டு மூன்று ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெட்டுவது செடிக்கு நல்லது.

பெரிய பூ வேண்டுமானால், மொட்டுகள் பட்டாணி அளவு பருத்ததும் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கலாம். மொட்டை இழுக்காமல், இரு விரல்களால் பிடித்து லேசாகத் திருகினால் கழன்று வரும். அருகிலுள்ள கூரிய இலைமொட்டு ஒடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலர்க் கண்காட்சிகளுக்கு வளர்ப்போர் அந்த இலைமொட்டை வேண்டுமென்றே ஒடித்து, அந்தக் குழிவில் வளர்ச்சி ஊக்கியான ஜிப்ரலிக் அமிலம் ஒரு துளி இட்டுப் பூவைப் பெரிதாக்குவார்கள். பரிசு வாங்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு அது வீண் வேலை. சசான்குவாவுக்கு மொட்டுக் கிள்ளுவதே தேவையில்லை.

தொட்டியில் வளர்ப்போர் கவனத்துக்கு

மரப்பட்டை மட்கு, தென்னைநார்க் கழிவு, எடை குறைந்த வெண்ணிறத் துகள்களான பெர்லைட் ஆகியவை கலந்த, நீர் எளிதில் வடியும் அமிலக் கலவையைப் பயன்படுத்துங்கள். தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கும் என்பதால் நன்றாக அலசிய பின்னரே சேர்க்க வேண்டும்; கமேலியாவின் வேர் உப்பைப் பொறுத்துக்கொள்ளாது. சிறிய செடியை மிகப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத கலவையில் நீர் தேங்கி அழுகல் தொடங்கும். ஒவ்வொரு முறையும் விட்டத்தில் 5 செ.மீ. மட்டும் கூடுதலான தொட்டிக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். தொட்டியைத் தரையோடு ஒட்டி வைக்காமல் கற்களின்மேல் தூக்கி வையுங்கள். கடுங்குளிரில் நிலத்தில் உள்ள வேரைவிடத் தொட்டியில் உள்ள வேர் எளிதில் உறைந்து சேதமடையும். அப்போது தொட்டியைச் சாக்கினால் சுற்றிவிடலாம். வெயில் காலத்தில் ஒரே நாளில் கலவை காய்ந்துவிடக்கூடும் என்பதால், மொட்டுப் பருவத்தில் வெளியூர் செல்பவர்கள் நீருக்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டே செல்ல வேண்டும்.

பூச்சிகளும் நோய்களும்

இலையின் மேற்புறத்தில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால், உடனே இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் வெண்பஞ்சு போன்ற படலமும், அதனிடையே நீள்வட்டமான பழுப்புச் செதில்களும் இருந்தால் அது தேயிலைச் செதில் பூச்சி. தாக்குண்ட இலைகள் சிலவாக இருந்தால் கிள்ளி எறிந்துவிடுங்கள். பரவிவிட்டிருந்தால் தோட்டக்கலை எண்ணெயை இலையின் அடிப்புறம் முழுவதும் நனையுமாறு தெளித்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை தெளியுங்கள். கடும் வெயிலிலும் உறைபனியிலும் எண்ணெய் தெளிக்கக் கூடாது. இறந்த செதில்கள் இலையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே புதிய இலைகள் சுத்தமாக வருகின்றனவா என்பதைப் பார்த்தே பலனை மதிப்பிட வேண்டும். இலைமேல் கரி பூசினாற்போல் கறுப்புப் படலம் படிந்தால், அசுவினியோ, மாவுப்பூச்சியோ, மென்செதில் பூச்சியோ சுரக்கும் இனிப்புத் திரவத்தின்மேல் வளரும் பூஞ்சை அது. பூச்சியை ஒழித்தால் படலமும் நாளடைவில் மறையும்.

வசந்தத்தில் சில தளிர்கள் அளவுக்கு மீறித் தடித்து, வெளிறி, சதைப்பற்றோடு உப்பிக் காணப்படலாம். இது எக்சோபசிடியம் என்னும் பூஞ்சையால் வரும் இலைவீக்கம். பார்க்க அச்சமூட்டினாலும் செடியைக் கொல்லாது. அடிப்புறம் வெண்ணிறமாகி வித்துகள் வெளிப்படும் முன் அந்தத் தளிர்களைக் கிள்ளி அப்புறப்படுத்துவதே போதுமான சிகிச்சை. செடி முழுவதும் ஒளியிழந்து, நீர் இருந்தும் வாடினால் வேரழுகலை ஐயுறலாம். நீர் தேங்கும் மண்ணில் பைட்டாப்தோரா கிருமி வேர்களைப் பழுப்பாக்கி அழிக்கிறது. முற்றிய நிலையில் அதற்கு மருந்து கிடையாது, வடிகாலே தடுப்பு.

இவை அனைத்தையும்விடக் கவனிக்க வேண்டியது பூவழுகல் நோய். சிபோரினியா கமேலியே என்னும் இந்தப் பூஞ்சை பூவை மட்டுமே தாக்கும். இலையையும் தண்டையும் தொடாது. இதழில் சிறு பழுப்புப் புள்ளிகளாகத் தொடங்கி, நரம்புகளின் வழியே பரவி, சில நாட்களில் பூ முழுவதும் பழுப்பாகிவிடும். உறைபனியாலும் மழையாலும் பூ பழுப்பாவது உண்டு என்பதால், உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து, அடியிலுள்ள புல்லிச் செதில்களை அகற்றிப் பாருங்கள். இதழ்கள் சேரும் அடிப்பகுதியில் வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பூஞ்சை வளையம் தெரிந்தால் அது பூவழுகல் நோய்தான். நிலத்தில் கிடக்கும் பூக்களின் அடியில் பின்னர் கறுத்த கெட்டியான கட்டிகள் உருவாகின்றன; அவை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருந்து, அடுத்தடுத்த வசந்தங்களில் வித்துகளைக் காற்றில் பரப்பும்.

எனவே உதிர்ந்த பூக்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துக் கட்டிக் குப்பையில் போட வேண்டும். மட்குக் குழியில் போடக் கூடாது. நோய் வந்த இடத்தில் பூக்கும் பருவம் முடிந்ததும் பழைய மூடாக்கை அகற்றிவிட்டுப் புதியது பரப்புங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வித்துகள் காற்றில் வரும் என்பதால், அண்டை வீட்டாரும் சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். இலையுதிர்காலத்தில் பூத்து முடிந்துவிடும் சசான்குவா வகைகள் பெரும்பாலும் இந்த நோயிலிருந்து தப்பிவிடுகின்றன.

இனப்பெருக்கம்

பிடித்த செடியைப் பெருக்குவதற்கு எளிய வழி தண்டுக் குச்சி. அந்த ஆண்டின் புதுக்கிளை பச்சை நிறத்திலிருந்து பழுப்பாக மாறத் தொடங்கும் கோடைப் பருவத்தில், 8 முதல் 10 செ.மீ. நீளமுள்ள குச்சிகளை வெட்டுங்கள். மேலே இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டு, அடிப்பகுதியின் ஒரு பக்கத்தில் பட்டையை லேசாகச் சீவி, வேர் ஊக்கித் தூளில் தோய்த்து, பெர்லைட்டும் தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்த கலவையில் ஊன்றுங்கள். தெளிவான பிளாஸ்டிக் பையால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதங்களில் வேர் விடும். குச்சியை இழுத்து இழுத்துச் சோதிக்க வேண்டாம். புதுத் தளிர் வருவதே நல்ல அறிகுறி.

ஒரே ஆண்டில் ஓரளவு பெரிய செடி வேண்டுவோர் வசந்தத்தில் விண்பதியன் போடலாம். பென்சில் கனமுள்ள கிளையில் 3 செ.மீ. நீளத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் நீக்கி, ஈரமான பாசியை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டிவிட்டால், இலையுதிர்காலத்துக்குள் வேர் திரண்டுவிடும். பிறகு வெட்டி எடுத்து நிழலில் தொட்டியில் வைத்துப் பழக்க வேண்டும்.

விதையிலிருந்து வளர்ப்பது பொறுமையுள்ளவர்களுக்கான வேலை. காய் வெடித்ததும் விதைகளை உலரவிடாமல் எடுத்து, ஒருநாள் நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். உலர்ந்து பழையதான விதை முளைக்கும் திறனை இழந்துவிடும். அந்தச் செடி பூக்க ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். பூவும் தாய்ச்செடியின் பூவைப் போல இருக்காது. பெரும்பாலும் அதைவிடச் சாதாரணமாகவே இருக்கும். அப்படிப்பட்ட நாற்றுகளையும் எறிந்துவிட வேண்டியதில்லை. தண்டு பென்சில் கனம் வந்ததும், விரும்பிய வகையை அதன்மேல் ஒட்டுக் கட்டலாம். சசான்குவா நாற்றுகள் வேரழுகலை எதிர்க்கும் என்பதால், ஈரம் மிகுந்த தோட்டங்களில் ஜப்பானிகாவுக்கு அவையே நல்ல வேர்ச்செடி.